பகலை அளந்து பனிக்குத் தயாராகும் மரம்

சிங்கப்பூரில் ஜாலான் புசாரின் ஹார்டுவேர் கடைகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளில் மரப் பேலட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். டைல்ஸ், குழாய், பெயின்ட் டின், கழிவறைப் பீங்கான் என்று கடைக்கு வரும் சரக்கில் பாதி அவற்றின் மேல் உட்கார்ந்துதான் கப்பலேறி வருகிறது. சரக்கு உள்ளே போனதும் பேலட்டை யாரும் சீந்துவதில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, பழைய சாமான் எடுப்பவர் வரும்வரை கிடக்கும்.

அதில் ஒன்றைக் குனிந்து பார்க்கலாம். பெரும்பாலும் பைன் அல்லது ஸ்புரூஸ் மரமாக இருக்கும். வெளிர் மஞ்சள் நிறம், ஆணி சுலபமாக இறங்கும் மென்மை, மலிவு விலை. பக்கக் கட்டையில் சூடு போட்டதுபோல் ஒரு முத்திரை தெரியும். கோதுமைக் கதிர் ஒன்று, நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, தயாரித்தவரின் எண், கடைசியில் ‘எச்.டி.’ என்ற குறி. மரக்கட்டையின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு ஏறி, அது 30 நிமிடம் நிலைத்திருந்தது என்பதற்கு அந்தக் குறி சாட்சி. மரத்துக்குள் ஒளிந்து நாடு விட்டு நாடு போகும் வண்டுகளையும் நுண்புழுக்களையும் கொல்வதற்காக 2002-இல் வந்த சர்வதேச விதி இது.

கட்டையை அறுத்த முனையில் இன்னொரு சாட்சி இருக்கிறது. வெளிறிய பட்டை ஒன்று, கருத்த கோடு ஒன்று, மறுபடி வெளிறிய பட்டை. ஒரு ஜோடி சேர்ந்தால் ஓராண்டு. வசந்தத்தில் வேகமாக வளர்ந்த மெல்லிய செல்கள் வெளிறியும், கோடைக் கடைசியில் நிதானமாக வளர்ந்த தடித்த செல்கள் கருத்தும் தெரிகின்றன. நியூசிலாந்தின் ரேடியாட்டா பைன் என்றால் ஒரு வளையம் விரல் அகலத்துக்குக்கூட இருக்கும். வட சுவீடன், பின்லாந்துப் பக்கத்து மரம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அங்கே வளர்வதற்குக் கிடைக்கும் நாட்கள் அவ்வளவுதான்.

அந்த வடக்கத்திய மரம் உயிரோடு இருந்தபோது மைனஸ் 40 டிகிரி வரைக்கும் பார்த்திருக்கும். இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கியும் போகவில்லை. பச்சை ஊசியிலைகளோடு அப்படியே நின்றது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி, 1934 ஜனவரியில். நமக்கு அதுவே போர்வை தேடும் குளிர்.

வியப்பு மைனஸ் 40-ஐத் தாங்கியதில் மட்டும் இல்லை. அதே மரத்தை ஜூன் மாதத்தில் மைனஸ் 5 டிகிரியில் ஒரே ஓர் இரவு வைத்தால் அதன் இளந்தளிர்கள் கருகிவிடும். ஜனவரியில் அதே மரத்தின் குச்சியை வெட்டி மைனஸ் 70-க்குக் கொண்டுபோனாலும் பிழைக்கும். மரபணுவில் ஒரு மாற்றமும் இல்லாத ஒரே மரம்தான் இரண்டும். ஆகவே ‘இந்த மரம் எவ்வளவு குளிர் தாங்கும்?’ என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. எந்த மாதம் என்று கேட்க வேண்டும். அதோடு விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

முதலில் குளிர் எப்படிக் கொல்கிறது என்று பார்ப்போம். கேம்பல் லேனில் வாங்கிய வெற்றிலை ஒன்றை இரவு ஃப்ரீசரில் வைத்துக் காலையில் எடுங்கள். கையில் இருக்கும்போதே துவண்டு, கருத்து, ஈரம் கசியும். இலை செல்லைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்துவது அதுதான். செல்லுக்குள் பனிக்கட்டி உருவானால் அதன் ஊசிமுனைப் படிகங்கள் சவ்வைச் சிதைக்கின்றன. பனி உருகியதும் செல்லுக்குள் இருந்த உப்பும் சர்க்கரையும் நீரோடு வெளியே வழிகின்றன. எந்தத் தாவரமாக இருந்தாலும் செல்லுக்குள் பனிக்கட்டி விழுந்தால் சாவுதான். மைனஸ் 70-ஐத் தாங்கும் பைனுக்கும் இதில் விலக்கு இல்லை.

ஆகவே அந்த மரம் செய்வது பனிக்கட்டியை வெல்வதல்ல. அதற்கு வேறு இடம் ஒதுக்கிக் கொடுப்பது. செல்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களிலும் செல்சுவர்களை ஒட்டியும் இருக்கும் நீர் கிட்டத்தட்டச் சுத்தமானது. அது முதலில் உறைகிறது. உறைந்த பனி செல்லுக்குள்ளிருந்து நீரை வெளியே இழுக்கிறது. மாங்காய்த் துண்டுகளை உப்பில் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடி நிறையத் தண்ணீர் விட்டிருக்குமே, அதே இழுப்பு. வெளியே குளிர் கூடக்கூட செல்லின் நீர் வடிந்துகொண்டே போகிறது. உள்ளே மிஞ்சுவது சர்க்கரையும் புரதமும் கலந்த கெட்டிக் குழம்பு. அந்த அளவுக்குக் கெட்டியானதில் பனிப்படிகம் உருவாக வழியில்லை. குளிர் மேலும் இறங்கினால் குழம்பு கண்ணாடிபோல் இறுகிவிடும், அவ்வளவுதான்.

ஆனால் இப்படி வற்றுவதும் ஆபத்துதான். பாதிக்கு மேல் நீரை இழந்த செல்லின் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியக்கூடும். அதனால் குளிர் வருமுன்பே மரம் சில வேலைகளை முடித்துக்கொள்கிறது. மாவுச்சத்தை ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளாக மாற்றுகிறது. சவ்வில் உள்ள கொழுப்பின் கலவையைக் குளிரிலும் விறைக்காத வகைக்கு மாற்றுகிறது. டீஹைட்ரின் என்ற புரதங்களைத் தயாரிக்கிறது. நீர் போன இடத்தில் அவை சவ்வுக்கு அணை கொடுக்கின்றன. இந்த ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்ததைப் பனிவலு என்று அழைக்கலாம். இலையுதிர்காலத்தில் அதைச் சேர்த்துக்கொள்வது வலுவேற்றம். வசந்தத்தில் களைந்துவிடுவது வலுவிழப்பு. சேர்க்க வாரக்கணக்கில் ஆகிறது. இழக்கச் சில வெப்பமான நாட்கள் போதும். ஊசியிலை மரங்களின் துயரங்களில் பாதி இந்த ஏற்றத்தாழ்வால் வருபவை.

இந்தத் தாங்குதிறனின் எல்லையைத் தேடிப் போனவர்களில் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகிரா சாகாய் முக்கியமானவர். குளிர்காலக் குச்சிகளை முதலில் மைனஸ் 30 டிகிரிவரை மெல்ல மெல்லக் குளிர்வித்தார். நீர் வேண்டிய அளவு வடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினார். வெளியே எடுத்து மெதுவாகச் சூடாக்கியபோது வில்லோ, பாப்ளர் போன்றவற்றின் குச்சிகள் துளிர்த்தன. 1960-இல் வெளிவந்த முடிவு இது. ஒழுங்காக நீர் வடிந்த செல்லுக்கு அதற்குமேல் எவ்வளவு குளிர் என்பது ஒரு பொருட்டே இல்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆனால் ஒரு நாற்றுப்பண்ணைக்காரருக்குத் திரவ நைட்ரஜன் எதற்கு? அவருக்கு வேண்டியது வேறு: இந்த வாரம் என் நாற்றுகள் எவ்வளவு தாங்கும்? அதற்கு எளிய வழி, நம் வெற்றிலையில் வழிந்த நீரை அளப்பதுதான். ஊசியிலைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் குழாய்களில் போட்டு, ஒவ்வொரு குழாயையும் வெவ்வேறு வெப்பநிலைக்கு மெல்ல இறக்குகிறார்கள். பிறகு உருகவிட்டு, தூய நீரில் ஊறப்போடுகிறார்கள். சவ்வு கிழிந்திருந்தால் உள்ளிருந்த உப்பு நீரில் கலக்கும். நீரின் மின்கடத்துதிறன் ஏறும். கடைசியாக அதே துண்டுகளைக் கொதிக்கும் சூட்டில் முற்றாகக் கொன்று மறுபடி அளந்தால், மொத்தத்தில் எத்தனை விழுக்காடு கசிந்தது என்று கணக்கு வந்துவிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நாற்றைப் பிடுங்கிக் குளிர்கிடங்கில் வைக்கலாமா என்று முடிவு செய்யும் சோதனை மைனஸ் 18 டிகிரியில் நடக்கிறது. சேதம் கால் பங்குக்கு உட்பட்டிருந்தால் நாற்று தயார். மைனஸ் 18 என்பது நம் வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலையும்கூட.

இந்தச் சோதனையை மாதாமாதம் செய்து வரைபடமாக்கினால் பனிவலு ஆண்டுதோறும் ஏறி இறங்கும் வளைகோடு கிடைக்கிறது. அதில் ஒரு புதிர் ஒளிந்திருந்தது. கோடு ஏறத் தொடங்குவது ஆகஸ்ட், செப்டம்பரில். அப்போது வெளியே இதமான வெயில். குளிரே வராதபோது குளிருக்கு ஏற்பாடு செய்யச் சொன்னது யார்?

பகலின் நீளம். 1970-இல் அமெரிக்கர் வைசர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக இரு கட்டமாகப் பிரித்தது. பகல் குறைந்து இரவு நீள்வதை இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி உணர்கிறது. உடனே மரம் உயர வளர்வதை நிறுத்தி, நுனிமொட்டை மூடிக்கொள்கிறது. இது முதல் கட்டம். பின்னர் பூச்சியத்துக்குக் கீழே போகும் இரவுகள் வந்தபின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. ஆழமான தாங்குதிறன் அப்போதுதான் வருகிறது. வெப்பநிலையை நம்பி முதல் அடி எடுத்து வைத்தால் மரம் ஏமாந்துபோகும். சில ஆண்டுகளில் செப்டம்பர் சுடும், சில ஆண்டுகளில் நடுங்கவைக்கும். பகலின் நீளமோ ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் அதே அளவு.

இங்கே பிறந்த ஊர் உள்ளே நுழைகிறது. வட சுவீடனில் முதல் கடும் உறைபனி ஆகஸ்டிலேயே வரலாம். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அக்டோபர்வரை நேரம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் வளர்வது ஒரே இனமான நார்வே ஸ்புரூஸ்தான். ஆனால் வடக்கத்திய நாற்று, பகல் ஏறத்தாழ 20 மணி நேரத்துக்குக் கீழே குறைந்ததுமே கடையைக் கட்டத் தொடங்குகிறது. தெற்கத்தியது 15, 16 மணி நேரம்வரை குறையட்டும் என்று வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் பாட்டன்மார் பிழைத்த ஊரின் நாட்காட்டியை விதைக்குள் கொண்டு பிறக்கிறது.

அந்த வடக்கத்திய விதையைச் சிங்கப்பூரில் ஊன்றினால் என்ன ஆகும் என்று யோசிப்பது சுவாரசியமான விளையாட்டு. நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 9 நிமிடம்தான். வருடம் முழுவதும் 12 மணி நேரப் பகல் என்றால் அந்த நாற்றின் கணக்கில் வருடம் முழுவதும் செப்டம்பர் கடைசி வாரம். 30 டிகிரி வெயிலில், மழை நன்றாகப் பெய்யும்போதே, விரல் உயரத்தில் மொட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த மொட்டு மறுபடி திறக்க நீண்ட பகலோ, சில வாரக் குளிரோ வேண்டும். இரண்டுமே இங்கே கிடையாது. கரையோரத் தோட்டங்களின் குளிர்க்கூடங்கள்கூட 23 டிகிரிக்குக் கீழே அவ்வளவாகப் போவதில்லை. அதற்காக ஊசியிலை மரத்துக்கு வெப்பமண்டலமே ஆகாது என்று நினைக்க வேண்டாம். சுமத்ராவின் மெர்குசி பைன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கேயும் தானாக வளர்கிறது. பைன்களில் அப்படி வளர்வது அது ஒன்றுதான். அதன் நாட்காட்டியில் பனிக்காலம் என்ற பக்கமே இல்லை.

பிறந்த ஊர் முக்கியம் என்பதை ஐரோப்பியர் நஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள். பிரான்சில் வில்மோரன் என்ற விதை வணிகக் குடும்பத்தவர் 1820-களில் லே பார் என்ற தன் எஸ்டேட்டில் ரீகா, ஸ்காட்லாந்து, ஜெர்மனி என்று பல ஊர்களின் ஸ்காட்ஸ் பைன் விதைகளை அருகருகே நட்டார். ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் ரீகா மரம் நெட்டையாக நின்றது, வேறு சில கோணிக்கொண்டு வளர்ந்தன. குணம் மண்ணில் இல்லை, விதையில் இருக்கிறது என்பதற்கு அந்தத் தோப்பே ஆதாரம். ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவீடன்காரர்கள் மலிவான ஜெர்மன் விதையை வாங்கி ஏராளமாக விதைத்தார்கள். முதலில் மளமளவென்று வளர்ந்த கன்றுகள் பின்னர் நோயிலும் பனியிலும் அடிபட்டுக் கோணல் காடுகளாக நின்றன. 1907-இல் பல நாடுகள் சேர்ந்து ஸ்காட்ஸ் பைன் விதைகளைப் பரிமாறிக்கொண்டு சோதனை நடத்தத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட அடிகள்தான் காரணம்.

விதைப் பிறப்பிடம் என்ற இந்தக் கேள்விக்கு நேர்த்தியான விடை 1936-இல் வந்தது. சுவீடனின் ஓலொஃப் லாங்லெட் 582 இடங்களின் ஸ்காட்ஸ் பைன் விதைகளை ஒரே இடத்தில் வளர்த்து, இலையுதிர்காலத்தில் ஊசியிலைகளில் நீர் போக மிஞ்சும் உலர்பொருள் எவ்வளவு என்று அளந்தார். கெட்டிக் குழம்பு அதிகம் என்றால் பனிவலு அதிகம். வடக்கே போகப் போக அந்த அளவு ஏறியது. படிக்கட்டுபோல அல்ல, சரிவுப் பாதைபோலத் தொடர்ச்சியாக. வடக்கு இனம், தெற்கு இனம் என்று கோடு கிழிக்க எங்கும் இடமில்லை. பேலட் முத்திரையில் உள்ள நாட்டுப் பெயர் இந்த விஷயத்தில் நமக்கு உதவாததும் இதனால்தான். சுவீடன் தெற்கு வடக்காக 1,500 கிலோமீட்டர் நீளம். அதன் இரு கோடிகளின் பைன் மரங்களுக்கு இடையே இருக்கும் பனிவலு வேறுபாடு, பக்கத்துப் பக்கத்து நாடுகளின் மரங்களுக்கு இடையே இருப்பதைவிடப் பெரியது. தவிர, அந்த முத்திரை மரத்தைச் சூடேற்றிய நாட்டைத்தான் சொல்கிறது, வளர்ந்த காட்டை அல்ல.

எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது என்று கதையை முடித்துவிடலாம் என்றிருந்தபோது நார்வேயில் ஒரு விபரீதம் தெரிந்தது. வட நார்வேயில் கோடை குறுகியது. ஸ்புரூஸ் விதை சரியாக முற்றுவது அபூர்வம். எனவே வடக்கத்திய மரங்களின் ஒட்டுக்கன்றுகளைத் தெற்கே கொண்டுவந்து விதைத்தோப்பு அமைத்தார்கள். தாயும் தந்தையும் வடக்கு, பிறப்பது மட்டும் தெற்கில். ஆனால் அந்த விதையில் முளைத்த நாற்றுகள் தெற்கத்திய பிள்ளைகளைப்போல நடந்துகொண்டன. மொட்டைத் தாமதமாக மூடின, உறைபனியில் அடிபட்டன. பக்கத்துக் காட்டு மகரந்தம் கலந்திருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். ஓய்ஸ்டைன் யோன்சன், டோரெ ஸ்க்ரொப்பா ஆகியோர் அதே தாய், அதே தந்தை, கட்டுப்படுத்திய மகரந்தச் சேர்க்கை என்று செய்து பார்த்தும் வித்தியாசம் போகவில்லை. பிறகு கருக்களை ஆய்வுக்கூடத்தில் வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்தார்கள். மரபணு ஒன்றாகவே இருந்தும், சூட்டில் உருவான கருவிலிருந்து வந்த கன்று 4 முதல் 6 அட்சரேகைப் பாகை தெற்கே பிறந்ததுபோல் நடந்துகொண்டது. விதை முற்றும்போது இருந்த வெயிலைக் கரு நினைவில் வைத்துக்கொள்கிறது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்பதுதான் மாறுகிறது. கருவிலே திரு என்று நாம் சொல்லிவந்தது ஸ்புரூஸுக்குச் சரியாகவே பொருந்துகிறது.

கோடை மரம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு நம் பக்கத்துக் கடலே ஒரு சான்று தந்திருக்கிறது. 1883 ஆகஸ்டில் சுந்தா நீரிணையில் கிரகத்தோவா எரிமலை வெடித்தது. சத்தம் சிங்கப்பூரிலும் பீரங்கி முழக்கம்போலக் கேட்டது. எரிமலை வீசிய கந்தகத் தூசுப்படலம் உலகம் முழுக்கப் பரவி வெயிலை மங்கவைத்தது. மேற்கு அமெரிக்க மலைகளில் பிரிசில்கோன் பைன் என்ற மரங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு 4,000 வயதுக்கு மேல். ஒவ்வொரு குளிர்காலமும் கொடும்பனியைச் சலனமில்லாமல் தாங்கும் அவற்றின் 1884-ஆம் ஆண்டு வளையத்தில் செல்கள் நசுங்கிச் சிதைந்து கிடக்கின்றன. வளரும் பருவம் முடிவதற்குள் உறைபனி வந்துவிட்டது, சவ்வுகள் தயாராகவில்லை. லாமார்ஷும் ஹர்ஷ்பெக்கும் 1984-இல் ‘நேச்சர்’ இதழில் இத்தகைய உறைபனி வளையங்களைப் பெரிய எரிமலை வெடிப்புகளோடு வரிசையாகப் பொருத்திக் காட்டினார்கள். அந்தச் செல்களைச் சிதைத்த குளிர் ஜனவரிக் குளிரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வந்த தேதிதான் தவறு.

தேதிதான் இப்போது பெரிய தலைவலி. புவி வெப்பமடைவதால் குளிர் குறையும், மரத்துக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் ஜனவரி நடுவில் ஒரு வாரம் கதகதப்பாக இருந்துவிட்டால் சில இனங்கள் பனிவலுவைக் களையத் தொடங்கிவிடுகின்றன. அடுத்த வாரம் வழக்கமான குளிர் திரும்பும்போது மாட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் வடகிழக்கில் சிவப்பு ஸ்புரூஸ் இந்த வகையில் பலமுறை அடிபட்டிருக்கிறது. 2003-இல் அங்கே மலைச்சரிவுகள் நெடுக ஊசியிலைகள் செங்கல் நிறமாகிக் கொட்டின. அமில மழை மண்ணின் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போனதும் அந்த மரத்தின் பனிவலுவைக் குறைத்திருந்தது.

அப்படியானால் தெற்கத்திய விதையை வடக்கே கொண்டுபோய் நடலாமா? பிரிட்டிஷ் கொலம்பியாவில் இல்லிங்வொர்த் தொடங்கிவைத்த லாட்ஜ்போல் பைன் சோதனையில் 140 ஊர்களின் விதைகள் 60 இடங்களில் நடப்பட்டன. 1974-இல் நட்ட அந்த மரங்களின் அளவுகளை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 2009-இல் அங்கே இன்னொரு சோதனை தொடங்கியது. யூக்கான் எல்லையிலிருந்து கலிஃபோர்னியாவரை 48 இடங்களில், வருங்கால வெப்பத்தை மனத்தில் வைத்துத் தெற்கத்திய விதைகளை வடக்கே நட்டுப் பார்க்கிறார்கள். இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுக்கு விதை தேர்ந்தெடுப்பது ஊரின் பெயரை வைத்து அல்ல, ஊரின் தட்பவெப்பத்தை வைத்து.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வெப்பநிலை வடக்கே நகர்கிறது, பகலின் நீளம் நகரவில்லை. தெற்கத்திய நாற்று வடக்கே போனால் அதன் கணக்கில் கோடை முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று படும்; மொட்டு திறந்திருக்கும்போதே முதல் உறைபனி வந்து சேரும். 2080-இன் வெயிலுக்குப் பொருத்தமான விதையை இன்றே நட்டுவிடலாம் என்றால், அந்த நாற்று முதலில் அடுத்த செப்டம்பரின் உறைபனி இரவைத் தாண்டியாக வேண்டும். அதனால் இப்போதைக்கு விதையை எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்று வனத்துறை விதிக்கும் வரம்பு, மரம் வெட்டப்படப்போகும் ஆண்டின் தட்பவெப்பத்தைப் பார்த்து அல்லாமல், நட்டபின் வரும் தொடக்க ஆண்டுகளைப் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது.